கழி இல்லாத பாய்

ஞாயிற்றுக்கிழமை மதியம் லிஃப்ட் மெக்கானிக் ஒரு கையில் கருவிப் பெட்டியும் தோளில் நீளமான துணி மூட்டையுமாக அந்த அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது, காவலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“என்ன சார், பொணத்தையா தூக்கிட்டு வர்றீங்க?”

கேட்ட வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். மெக்கானிக்கின் மனைவி போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அது அவருக்கும் தெரியும்.

“பாய்,” என்றார் மெக்கானிக். அந்தக் கேள்வி அவருக்கு எங்கேயும் குத்தவில்லை. குத்தவில்லையே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“படுக்கிறதா?”

“படகுல கட்டுறது. கொஞ்ச நேரம் இங்க விரிச்சுப் பாத்துக்கறேன். அளவெடுக்க ஆள் வரும்.”

விரிப்பதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் விரித்தால் மேசை நாற்காலி எல்லாம் துணிக்குள் மூழ்கிவிடும். வெட்டவெளியில் விரித்தால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இந்த வரவேற்புக் கூடமோ பளிங்குத் தரை, இரண்டு மாடி உயரத்தில் கூரை, முதல் மாடியைச் சுற்றி இரும்புக் கைப்பிடி போட்ட நடைபாதை என்று விசாலமாக இருந்தது. ஞாயிறு லிஃப்ட் பரிசோதனை நாள் என்பதால் கட்டடத்தில் வேறு ஆளும் கிடையாது.

அவர் மூட்டையின் வாயை அவிழ்த்துக் கவிழ்த்தார். ஆரஞ்சும் நீலமுமாக ஒரு துணி சரசரவென்று வழிந்து தரையெல்லாம் பரவியது.

அளவெடுக்க வந்தது அவருடைய மைத்துனி, மனைவியின் தங்கை. அக்கா வைத்த பெயர் குட்டி. நாற்பது வயதிலும், ஆயத்த ஆடைப் பட்டறையில் பத்துப் பதினைந்து பேரை வேலை வாங்கும் கட்டிங் மாஸ்டராகிவிட்ட பிறகும், குடும்பத்தில் அவள் குட்டிதான். கழுத்தில் அளவு நாடா தொங்க உள்ளே வந்தவள் துணியைப் பார்த்து நின்றாள்.

“இதை எப்படி விட்டுவெச்சீங்க அத்தான்? இதுவும் துணிதானே?”

அவர் மூட்டைக் கயிற்றைச் சுருட்டினார். மனைவி இறந்த கையோடு அவளுடைய உடைகளையெல்லாம் பைகளில் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். யார் யாருக்கு என்றுகூட நினைவில்லை. அலமாரி நிறைந்திருந்தது, காலி செய்தார், அவ்வளவுதான். குட்டி வந்து காலி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வெகுநாள் பேசவில்லை. கடைசியில் பேசியதே இந்தப் படகு விஷயமாகத்தான். “அக்காவோடதுன்னு அது ஒண்ணுதான் பாக்கி. அதையும் தொலைச்சுக் கட்டிடாதீங்க.”

படகு மனைவியுடையது. ஊருக்கு வெளியே மலைகளுக்கு நடுவில் பெரிய ஏரி. ஏரிக்கரையில் படகுத்துறை. அங்கே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு படகும் பருவம் முடிவதற்குள் ஒருமுறையாவது இன்ஜின் போடாமல், பாயை மட்டும் வைத்து, தூரத்து மஞ்சள் மிதவையைச் சுற்றிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் துறைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத படகுக்கு இடம் போய்விடும். செத்த படகுகள் துறையை அடைத்துக்கொண்டு கிடந்த காலத்தில் போட்ட விதி அது. இடம் போனால் படகை நிறுத்த வேறு போக்கிடம் கிடையாது. உடைத்துப் போட வேண்டியதுதான்.

அவரும் குட்டியும் ஏற்கெனவே இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டார்கள். அக்காவோடு போய்ப் பழகிய குட்டிக்குச் சுக்கான் பிடிக்கத் தெரியும். மனைவி “இதை இழு, அதை விடு” என்று சொன்னதையெல்லாம் செய்து பழகிய அவருக்குக் கயிறுகள் தெரியும். மிதவை வரை நன்றாகவே போனார்கள். திரும்பும்போதுதான் இரண்டு முறையும் இருட்டிவிட்டது. துறையின் மோட்டார் படகு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது.

எதிர்க்காற்றில் போகும்போது வீசுகிற காற்றோடு படகின் வேகமும் சேர்ந்துகொள்ளும். பாயில் படுவது இரண்டின் கூட்டுத்தொகை. காற்று முதுகுப் பக்கம் வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். படகு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவும் காற்றிலிருந்து கழிந்துவிடும். மாலையில் காற்றும் இளைத்துவிட்டால் மிச்சம் என்று ஒன்றுமே இருக்காது. போகும்போது விறைத்து நின்ற அதே பாய்கள் ஈரத்துண்டு மாதிரி தொங்கும். போதாததற்குச் சின்ன முன்பாய் பெரிய பாயின் மறைவுக்குள் போய்விடும். அதனால்தான் பின்காற்றுக்கென்று சிலர் தனியாக ஒரு பாய் வைத்துக்கொள்கிறார்கள். மெல்லிய துணி, பெரிய பரப்பு, பிள்ளைத்தாய்ச்சி வயிறு.

படகின் முன்னறையில் அப்படி ஒன்று கிடந்தது. மனைவி யாரிடமோ பழையதாக வாங்கிப் போட்டது. அதை ஒருமுறைகூட ஏற்றவில்லை. அதற்குள் நோய் வந்துவிட்டது. துறைச் செயலாளரிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். செயலாளரின் பட்டப்பெயர் விசில். கழுத்தில் எந்நேரமும் அது தொங்கும். வீட்டில் காப்பி வேண்டுமென்றாலும் அதைத்தான் ஊதுவார் என்று பேச்சு. அவர் பையைத் திறந்தும் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்: “ஸ்பின்னேக்கர்ங்கிற பலூன் பாயா இருக்கும். அதுக்குப் பாய்மரத்துலேருந்து நீட்டிக் கட்டக் கழி வேணும். கழி இல்லாம ஏத்தினா துவைச்சுக் காயப்போட்ட மாதிரிதான்.” ஒரு வாரமாக மெக்கானிக் கழியைத் தேடினார். படகில் இல்லை, வீட்டில் இல்லை, மொட்டைமாடியிலும் இல்லை.

“இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு,” என்றாள் குட்டி. “கழியை அப்புறம் தேடலாம். மொதல்ல இது என்னன்னு பாப்போம்.”

செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியோரமாக உட்கார்ந்தாள். விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். “குடைத்துணி மாதிரிதான். எதிர்க்காத்துல கட்டினா இழுபட்டு நீண்டு போயிடும். பின்காத்துக்குத்தான் இது. அதுல சந்தேகமே வேணாம்.”

“ஸ்பின்னேக்கர்னா இடமும் வலமும் ஒண்ணா இருக்கும்னு விசில் சொன்னார்,” என்றார் அவர்.

“அப்ப மடிச்சா தெரிஞ்சுடும். சட்டை முன்பக்கம் மாதிரிதானே? அந்த முனையைப் பிடிங்க.”

முக்கோணத்தின் இரண்டு மூலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். குட்டி இரண்டு விளிம்புகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மூன்றாவது மூலை வரை நீவிக்கொண்டே போனாள். போய்ச் சேர்ந்தபோது ஒரு விளிம்பு விறைத்து நின்றது. இன்னொன்று ஒரு கை நீளத்துக்குத் தொய்ந்து கிடந்தது.

“வெட்டினவன் குடிச்சிட்டு வெட்டியிருக்கான்,” என்றாள்.

காவலாளி சிரித்தார். குட்டி சிரிக்கவில்லை. மறுபடி ஆரம்பத்துக்குப் போய் ஒவ்வொரு தையலாக எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு குதிகாலில் குந்தி உட்கார்ந்தாள்.

“இல்ல அத்தான். தப்பா வெட்டினா ஒரு இடத்துல தப்பும். இது கீழேருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு துண்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா வித்தியாசப்படுது. தப்பு இவ்வளவு ஒழுங்கா நடக்காது. வேணும்னேதான் ஒரு பக்கத்தை நீளமா வெச்சிருக்காங்க.”

“அப்ப ஸ்பின்னேக்கர் இல்லையா?”

“விசில் சொன்ன சாதி இல்ல. தொங்கவிட்டுப் பாத்தாத்தான் தெரியும். ரவிக்கையானாலும் மேசையில கிடக்கிறப்ப வெறும் துணிதான்.”

எந்த மூலையைத் தொங்கவிடுவது? மெக்கானிக் முதலில் எட்டிய மூலையைக் கயிற்றில் கட்டி, முதல் மாடிக்குப் போய்க் கைப்பிடியிலிருந்து இழுத்தார். பாய் ஒருவனை அக்குளில் பிடித்துத் தூக்கிய மாதிரி கோணலாகத் தொங்கியது. இறக்கினார்கள். குட்டி மூன்று விளிம்புகளையும் நாடாவால் அளந்தாள். இருப்பதிலேயே குட்டையானதைக் காட்டினாள். “இது பாவாடையோட அடி. அப்ப தலை எதிர்ப்பக்கத்து மூலை.” அவர் அந்த மூலையைக் கட்டி மறுபடி இழுத்தார். இப்போது பாய் தோள் பொருந்திய உடை மாதிரி நேராக இறங்கியது.

“கதவைத் திறந்து விடுங்கண்ணே,” என்றாள் குட்டி காவலாளியிடம்.

கண்ணாடிக் கதவு திறந்தது. தெருக்காற்று உள்ளே நுழைந்து துணிக்குள் புகுந்தது. நீள விளிம்பு வளைந்து முன்னுக்கு வந்தது. குட்டை விளிம்பு பின்னால் தங்கியது. நடுவில் ஆரஞ்சு வயிறு ஒன்று கூடத்தின் பாதியை நிறைத்தது. காவலாளி வாயைத் திறந்தபடி நின்றார். மெக்கானிக் மேலே கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, தலையும் அடி முனைகளும் எங்கே இழுக்கின்றன என்று பார்த்தார். எடை எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய தொழில். நீள விளிம்பின் அடிமுனை தரையோடு அசையாமல் இருந்தால் போதும். பாய் தானாகவே அதற்கு முன்னால் போய் விரிகிறது. பாய்மரத்திலிருந்து தள்ளி நிறுத்த அதற்கு எதுவும் தேவையில்லை.

“இந்த முனையைப் படகோட மூக்குல கட்டிட்டா அது அங்கேயே இருக்கும்,” என்றார். “இதுக்குக் கழியே வேணாம்.”

“ஒரு வாரமா தேடினீங்களே!”

“ம்.”

“அக்கா கழி வாங்க மறக்கல. கழி வேணாம்னுதான் இதை வாங்கியிருக்கா.” குட்டி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவள் தேடியது இல்லை. அவரும் தனக்குள் தேடிப் பார்த்தார். கதவு மூடிய பிறகு எந்தத் தளத்தையும் யாரும் அழுத்தாத லிஃப்ட் போல உள்ளே எல்லாம் அப்படியே நின்றது. விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, அசைவு மட்டும் இல்லை.

“இறக்கிடவா?” என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை மாலை துறையில் கயிறுகளை அமைத்தார்கள். குட்டி கைபேசியில் ஒரு காணொளியை வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். “இவன் பேசிக்கிட்டே ரெண்டு நிமிஷத்துல ஏத்திடறான். நமக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.”

மெக்கானிக் எதையும் மேலேயிருந்துதான் ஆரம்பிப்பார். பாயை மேலே இழுக்கும் கயிறு பாய்மர உச்சியின் கப்பியிலிருந்து இறங்கி, முன்னாலுள்ள கம்பிக்கு வெளியே வர வேண்டும். உள்ளே வந்தால் பாய் கம்பியைச் சுற்றிக்கொண்டு திருகிப்போகும். அதைச் சரிபார்த்தார். மூக்கில் முன்முனைக்கு ஒரு கயிறு. பின்முனைக்கு இடமும் வலமுமாக இரண்டு. அவை பக்கக் கம்பிகளுக்கும் படகோர வேலிக்கும் வெளியாகப் போய், பின்பக்கக் கப்பிகளில் நுழைந்து, கைக்கு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். மற்றது சும்மா தொங்கும். மனைவியின் பெட்டியில் இருந்த பழைய கயிறுகள் சரியாக எட்டின, மீதம் அதிகமில்லை. ஒவ்வொரு கப்பியையும் விரலால் சுழற்றிப் பார்த்து எண்ணெய் விட்டார். குட்டி பாயின் இரண்டு விளிம்புகளையும் தலையிலிருந்து அடிவரை திருகல் இல்லாமல் கையால் நீவி, மூன்று மூலைகளும் வெளியே தெரியும்படி பையில் திணித்தாள்.

கடைசியாக அவர் ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் எட்டு வடிவத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். கப்பி வழியாகக் கயிறு உருவிக்கொண்டு போகாதபடி இறுக்கமாக, அழகாகப் போட்டார்.

“காணொளியில இது இல்லையே?” என்றாள் குட்டி.

“காணொளி எடுத்தவனை ஒரு நாள் லிஃப்ட் கூரை மேல நிக்க வெக்கணும். நுனி கட்டாத கயிறுன்னா என்னன்னு அப்பத் தெரியும்.”

இருபது வருஷமாக அவர் பாதாளம் போன்ற குழிகளுக்கு மேலே நின்று வேலை செய்தவர். தப்பிப் போகக்கூடிய எதையும் கட்டாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஞாயிறு மதியம் விசில் மேடையில் நின்று கையை அசைத்தார். “கடைசிப் படகு நீங்கதாம்மா. சூரியன் அந்த மலையைத் தொடறதுக்குள்ள இந்த ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல வந்துடணும். நான் பாவம் பாக்க மாட்டேன்.”

“நீங்க பாத்தா நாங்கதான் பயந்துடுவோம்,” என்றாள் குட்டி.

மிதவை வரை பழைய பாய்களோடு எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறினார்கள். மிதவையைச் சுற்றியதும், எதிர்பார்த்த மாதிரியே உலகம் ஓசையடங்கியது. பெரிய பாய் ஒருமுறை உதறித் தொங்கியது. தண்ணீரில் விழுந்த இலை ஒன்று படகோடு கூடவே வந்தது.

“இப்ப,” என்றாள் குட்டி.

அவர் பையை மூக்கில் வைத்து மூன்று முனைகளையும் மாட்டினார். கயிற்றை மடமடவென்று இழுத்தார். ஆரஞ்சு நீளமாக மேலே போனது, ஒரு கணம் வெறும் கொடியாகத் தொங்கியது, அவர் பின்கயிற்றை இழுத்ததும் கீழேயிருந்து மேலாக ‘டப்’பென்று விரிந்தது. படகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிய மாதிரி நகர்ந்தது. இலை பின்னால் போனது. அடியில் தண்ணீர் பேச ஆரம்பித்தது.

“நேரா துறையைப் பாத்து விடாதே,” என்றார். “கொஞ்சம் சாய்ச்சு விடு. நேராப் போனா பெரிய பாய் இதை மறைச்சிடும்.”

“தெரியும் அத்தான்! பாருங்க அதை! பாருங்களேன்!”

அவர் பார்த்தார். அழகுக்காக அல்ல. முன்விளிம்பு உள்ளே சுருளும் வரை கயிற்றை விட வேண்டும். சுருண்டதும் ஒரு சாண் இழுக்க வேண்டும். திரும்ப விட வேண்டும். கையும் கண்ணும் அதைச் செய்தன. குட்டி சத்தமாகச் சிரிப்பது எங்கிருந்தோ கேட்டது. இவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி நினைப்பதுபோல் நினைத்துக்கொண்டார்.

மலைச்சரிவில் இறங்கும் காற்றை இருவருமே பார்க்கவில்லை. அவர் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை.

படகு பக்கவாட்டில் சாய்ந்தது. பாய் அதன் மூக்கைப் பிடித்துத் திருகியது. குட்டி சுக்கானை மார்போடு சேர்த்து இழுத்தாள். சுக்கான் தண்ணீருக்குள் இருக்கும் வரைதான் சுக்கான். படகு சாய்ந்து பாதி வெளியே வந்துவிட்டால் அது வெறும் பலகை.

“விடுங்க! கயித்தை விடுங்க!”

அவர் விட்டார். கயிறு சீறிக்கொண்டு ஓடியது. பாய் வெளியே வெளியே போய்க் காற்றைக் கொட்டப் பார்த்த நேரத்தில், பின்பக்கக் கப்பியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். முடிச்சு. அவர் போட்ட முடிச்சு, போட்டதன் வேலையைச் சரியாகச் செய்தது. பாய் மறுபடி நிறைந்தது. படகு இன்னும் சாய்ந்தது. விளிம்புக்கு மேலே தண்ணீர் ஏறி உள்ளே வந்து அவர் முழங்காலைத் தொட்டது.

அவர் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாகப் போட்ட முடிச்சு என்று நினைத்தார். தண்ணீர் குளிராக இருக்கிறது என்றும் நினைத்தார். இரண்டும் ஒரே அளவு முக்கியமாகத் தோன்றின.

“அத்தான்!”

குட்டி சுக்கானை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும் துணி வெட்டும் பிளேடைத் திறந்து கப்பிக்கு முன்னால் கயிற்றில் வைத்தாள். அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. இறுகி நின்ற கயிறு தொட்டதும் வெடித்து அறுந்தது. பாய் காற்றில் கொடி மாதிரி நீண்டு படபடத்தது. படகு நிமிர்ந்து, ஒருமுறை ஆடி, நின்றது.

பாயை இறக்கினார்கள். பெரிய பாயின் மறைவில் குட்டி அடிவிளிம்பைப் பிடித்து அள்ளி அள்ளி உள்ளே இழுக்க, அவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். துணி நனைந்து கால்களைச் சுற்றிக்கொண்டது. காற்று வந்த வழியே போய்விட்டது. ஏரி மறுபடி சலனமில்லாமல் படுத்துக்கொண்டது. துறையின் இரண்டு கம்பங்களும் தெரிந்தன. சூரியனுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு கையகலம்தான் இருந்தது.

குட்டி தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே கொட்டினாள். அவள் கை நடுங்கியதில் பாதி உள்ளேயே விழுந்தது. “போதும் அத்தான். இன்ஜினைப் போடுங்க.”

“போட்டா இடம் போயிடும்.”

“போகட்டும். படகு போனா போகுது. உங்களையும் ஏரிக்குக் குடுத்துட்டு நான் யார்கிட்ட வந்து சண்டை போடுவேன்?”

அவர் அறுந்த கயிற்றைப் பார்த்தார். பின்முனையில் இன்னொரு கயிறு இருந்தது. சும்மா தொங்கிக்கொண்டிருந்த மறுபக்கத்துக் கயிறு. அதை இந்தப் பக்கம் மாற்றி நுழைக்கலாம். ஒரே கயிறு என்றால் நடுவில் பாயைப் பக்கம் மாற்ற முடியாது. இங்கிருந்து ஒரே சாய்வில் துறைக்குப் போய்விட வேண்டும். கோணத்தைப் பார்த்தார். முடியும் போலத்தான் இருந்தது.

“இன்னொரு தடவை ஏத்தலாம்,” என்றார்.

“எனக்குப் பயமா இருக்கு.”

“தெரியுது. எனக்கும் இருக்கணும்.” அவர் அந்த மறுகயிற்றின் நுனி முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டே பேசினார். “தண்ணி முழங்கால் வரைக்கும் வருது, நான் முடிச்சு நல்லா இருக்கேன்னு பாத்துட்டு நிக்கறேன். எனக்குள்ள அது வேலை செய்யல குட்டி. அவ போனதுலேருந்தே செய்யல. அலமாரியைக் காலி பண்ணினப்பவும் இப்படித்தான் நின்னுட்டிருந்தேன்.”

குட்டி வாளியைக் கீழே வைத்தாள்.

“அதனால நீ பாயைப் பாக்காதே,” என்றார். “பின்னாடி தண்ணியைப் பாரு. கறுத்தா சொல்லு. பயமா இருந்தாலும் சொல்லு. ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டேன். விட்டுடுவேன்.”

அவள் சுக்கானுக்குப் போய், உடம்பைப் பின்பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

விளிம்புகளை மறுபடி நீவித் திருகல் எடுத்தார்கள். ஈரத்துணி கனமாக ஏறியது. விரிய நேரம் பிடித்தது. விரிந்ததும் படகு பழையபடி நகர்ந்தது. கயிற்றின் நுனி அவர் காலடியில் வெறுமனே, முடிச்சில்லாமல், பாம்புக்குட்டி மாதிரி அசைந்தது. அதைப் பார்த்தபோது அவருடைய ஒரு கை முடிச்சுப் போடத் தானாக நீண்டு திரும்பியது. பயமா, பழக்கதோஷமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இப்ப ஒண்ணும் இல்ல,” என்றாள் குட்டி. பிறகு, “இன்னும் ஒண்ணும் இல்ல.” பிறகு சட்டென்று, “விடுங்க!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் திறந்தார். கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. நுனிக்குக் கொஞ்சம் முன்னால் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டார். பாய் உதறிக் காற்றைக் கொட்டியது. காற்று படகைத் தாண்டி முன்னால் ஓடிப் போனது.

“போயிடுச்சு. இழுங்க.”

இழுத்தார். அதன் பிறகு இன்னும் இருமுறை “விடுங்க” என்றாள். ஒருமுறை உண்மையான காற்று. ஒருமுறை மேகத்தின் நிழல். அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரி விட்டார். ஒரே மாதிரி இழுத்தார். நிழல் என்று தெரிந்தபோது குட்டி, “ஸாரி அத்தான்” என்றாள். “பரவால்ல,” என்றார் அவர். “அப்படியே சொல்லிட்டே வா.”

கம்பங்களுக்கு நடுவில் நுழையும்போது சூரியனின் அடிவிளிம்பு மலையைத் தொட்டுவிட்டதா இல்லையா என்று விசிலுக்கே சந்தேகம். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார், படகைப் பார்த்தார். பிறகு கன்னம் உப்ப ஊதினார்.

படகைக் கட்டியதும் மேடையிலிருந்து குனிந்து கேட்டார்: “இடம் உங்களோடதுதான். பழைய பேரை எடுத்துடணும். புதுசா யார் பேரைப் போடட்டும்? படகுக்குத் தலைவர் யாரு?”

மெக்கானிக் குட்டியைப் பார்த்தார். குட்டி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. எப்போதிலிருந்து அழுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

“இவ பேரைப் போடுங்க,” என்றார். “நான் கயிறு பிடிக்கிறவன்.”

“அத்தான், நான் இன்னும் நடுங்கிட்டிருக்கேன். என்னைப் போய்…”

“நடுங்கறியா?”

“பாருங்க.” கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு கருவியைப் பரிசோதிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லது,” என்றார். “அடுத்த பருவத்துக்கும் அது வேணும்.”

பிறகு இருவருமாக ஈரப் பாயைத் தூக்கித் துறைப் பலகையில் விரித்தார்கள். விளிம்பு காற்றில் எழும்பாமலிருக்க அவர் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார், அவள் இன்னொரு மூலையில் உட்கார்ந்தாள். மூன்றாவது மூலைக்கு விசிலைக் கூப்பிட்டார்கள்.